ஏழரைக் கோடித் தீக்குச்சி: சிவகாசிக்கு அரசு கொடுத்த ஆதரவின் கதை

சிறுதொழிலுக்கு அரசாங்கம் உதவ வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. எல்லா பட்ஜெட்டிலும் அதற்கென்று சில வரிகள் இருக்கும். ஆனால் அப்படி ஒரு உதவி பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஒரே வட்டாரத்துக்குக் கிடைத்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலைப் பார்த்தாலே போதும். அந்த ஊர்களில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீஸ்களை வாழவைத்ததும் அரசின் வரிக்கொள்கைதான். வளரவிடாமல் வைத்திருந்ததிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கடைகளில் விற்ற தீப்பெட்டிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. சிவகாசி அப்போது மழை குறைந்த, விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஒரு ஊர். 1922-ல் அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள்.

முதலில் இயந்திரங்களை வைத்துத்தான் முயன்றார்கள். பிறகு கையாலேயே செய்வதுதான் இந்த ஊருக்குச் சரிப்படும் என்று கண்டுகொண்டார்கள். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது என்று வேலையைப் பல கூறாகப் பிரித்தால் அதிக முதலீடு தேவையில்லை. வேலைக்கு ஆட்களும் தாராளமாகக் கிடைத்தார்கள். மழை குறைவு என்பதே ஒரு வசதியாகிவிட்டது. ஈரமில்லாத காற்றில் மருந்து சீக்கிரம் காயும். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீப்பெட்டிக்கு வரமானது!

முதல் ஆதரவு: இறக்குமதி வரி

இங்கே அரசாங்கத்தின் பங்கு என்ன? அதுவும் 1922-லேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டு ஆங்கில அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு (144 பெட்டி) 1 ரூபாய் 8 அணா வரி போட்டது. சிவகாசியை வளர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கமல்ல. முதல் உலகப்போருக்குப் பின் கஜானாவுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டுத் தீப்பெட்டியின் விலை ஏறியதால் உள்நாட்டில் செய்பவர்களுக்கு வழி பிறந்தது. 1928-ல் இதே வரி, உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கான வரி என்று சட்டப்படியே அறிவிக்கப்பட்டது.

ஆனால் வரிச்சுவருக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. உலகத் தீப்பெட்டிச் சந்தையையே கையில் வைத்திருந்த ஸ்வீடன் நிறுவனம், வெளியிலிருந்து விற்றால்தானே வரி என்று சுவருக்கு உள்ளேயே வந்துவிட்டது. 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது விம்கோ தொடங்கப்பட்டது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, அஸ்ஸாமில் துப்ரி, சென்னையில் திருவொற்றியூர் என்று பெரிய இயந்திரத் தொழிற்சாலைகளை அது வைத்திருந்தது. திருவொற்றியூர் பக்கம் இருக்கும் விம்கோ நகர் என்ற பெயர் அதன் மிச்சம்தான்.

ஆகப் போட்டி இப்படி அமைந்தது. ஒரு பக்கம் உலகக் கம்பெனியின் இயந்திரம். மறுபக்கம் கரிசல்காட்டு ஊர்களின் கைகள். சாதாரணமாக இப்படிப்பட்ட போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைத்தறிக்கு என்ன நடந்தது என்பதை நாடே பார்த்திருந்தது.

இரண்டாவது ஆதரவு: கலால் வரியில் படிக்கட்டு

1934-ல் உள்நாட்டில் தயாராகும் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒரு முத்திரைச் சீட்டை ஒட்டுவார்கள். தீப்பெட்டி மிக மலிவான பொருள். அதன் விலையில் பெரிய பங்கை வரியே எடுத்துக்கொண்டது. ஆகவே வரியில் சில காசு வித்தியாசம் இருந்தாலே ஒரு தொழிற்சாலை பிழைக்கலாம், இல்லையேல் மூடலாம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசு இந்த வித்தியாசத்தையே கருவியாகப் பயன்படுத்தியது. உற்பத்தியின் அளவை வைத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்கு அதிக வரி. இறங்க இறங்க வரி குறையும். 'டி' வகுப்பு குடிசைத்தொழில் அளவுக்குச் செய்பவர்களுக்கானது. காந்திய வழியில் கிராமத்தொழிலை வளர்க்க நினைத்தவர்களுக்கும் இது ஏற்ற ஏற்பாடாக இருந்தது.

பலன் கிடைத்ததா? நிச்சயமாகக் கிடைத்தது. இயந்திரத்தால் விம்கோவுக்குக் கிடைத்த லாபத்தை இந்த வரி வித்தியாசம் ஈடுகட்டியது. சிவகாசியைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. லேபிளுக்காகத் தொடங்கிய அச்சுத்தொழில் காலண்டர், டைரி என்று விரிந்தது. கூடவே பட்டாசும் வளர்ந்தது. வேலை இருக்கிற ஊர் என்பதால் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் பக்கத்துக் கிராமங்கள் பட்டினி கிடக்காமல் காத்தது தீப்பெட்டி வேலைதான் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். அதை மறுக்க முடியாது.

கோடு போட்டால் கோட்டுக்குள்ளேயே நிற்பார்கள்

1967 ஜூலையில் மத்திய அரசு இந்த வகுப்புகளை மாற்றியமைத்தது. இயந்திரத் தொழிற்சாலை, இயந்திரமில்லாத தொழிற்சாலை என்பது முக்கியப் பிரிவானது. இயந்திரமில்லாதவற்றிலும், ஒரு நிதியாண்டில் ஏழரைக் கோடிக் குச்சிகளுக்கு மேல் போகமாட்டோம் என்று எழுதிக்கொடுப்பவர்களுக்குத் தனிச் சலுகை தரப்பட்டது.

ஏழரைக் கோடி என்றதும் மலைக்க வேண்டாம். பெட்டிக்கு 50 குச்சி என்று வைத்துக்கொண்டால் 15 லட்சம் பெட்டி. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 35 குரோஸ்தான். உண்மையிலேயே சிறிய ஆபீஸுக்கான அளவு அது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு முதலாளிக்கு நன்றாக வியாபாரம் ஆகிறது, இரண்டு மடங்கு செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு மடங்கு செய்தால் கோட்டைத் தாண்டிவிடுவார், சலுகை போய்விடும். ஆகவே அவர் பெரிதாக வளரமாட்டார். மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று பக்கத்திலேயே புதிய ஆபீஸ் திறப்பார். காகிதத்தில் நான்கு சிறுதொழில், உண்மையில் ஒரே முதலாளி!

இது அரசுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால் 1967 செப்டம்பர் 4 என்ற ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் எழுதிக்கொடுத்தவர்களுக்குத்தான் சலுகை என்று விதியை இறுக்கியது. பரமேஸ்வரன் மேட்ச் வொர்க்ஸ் என்ற தொழிற்சாலை உரிமத்துக்கு விண்ணப்பித்தது செப்டம்பர் 5 அன்று. ஒரே ஒரு நாள் தாமதம்! சலுகை கிடைக்கவில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்தில் ஜெயித்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரிய தொழிற்சாலைகள் தங்களைத் துண்டு துண்டாக்கிக்கொண்டு சின்னவர்களுக்கான சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தேதி, கோடு என்று ஒன்று போட்டால் அது எங்காவது விழத்தான் செய்யும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு இது.

ஒரு நாள் தாமதித்தவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அரசின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அளவை வைத்துச் சலுகை கொடுத்தால் இந்தச் சங்கடம் எப்போதும் வரும்.

சலுகை எட்டாத இடம்

துண்டு துண்டான ஆபீஸ்களால் வரி நஷ்டம் மட்டும்தான் என்றால் இந்தக் கதையை இவ்வளவு தூரம் சொல்ல வேண்டியதில்லை. நஷ்டம் வேறு இடத்தில் விழுந்தது.

சலுகை கைவேலைக்குத்தான். இயந்திரம் வாங்கினால் அதிக வரி. ஆகவே லாபத்தைக் கூட்ட ஒரே வழி கூலியைக் குறைப்பது. மிகக் குறைந்த கூலிக்கு வந்தவர்கள் குழந்தைகள். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ்கள் கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிவரும். இருட்டிய பிறகு கொண்டுபோய் விடும். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையை வேலைக்குப் பிடித்துவைப்பதும் நடந்தது. குச்சி அடுக்குவதற்கும் பெட்டி அடைப்பதற்கும் பிஞ்சு விரல்கள்தான் வேகமானவை என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது.

1976-ல் இப்படிக் குழந்தைகளை ஏற்றிச்சென்ற ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கியது. குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு ஹரிபாஸ்கர் குழு அமைக்கப்பட்டது. நாட்டின் கவனம் சிவகாசி மேல் திரும்பியது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தினரே சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு கொடுத்தது. எனவே பெட்டி ஒட்டும் வேலை ஆபீஸிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது. குழந்தை அதே குழந்தைதான், இடம்தான் மாறியது.

1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் இந்த நிலைமையை வெளி உலகுக்குக் காட்டியது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு, பள்ளிகள், மதிய உணவு, பெற்றோரின் விழிப்புணர்வு எல்லாம் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றின. ஆபீஸ்களில் வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்றானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கலால் துறை அதிகாரிகள் இந்த ஆபீஸ்களில் குச்சிக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். ஏழரைக் கோடிக்கு மேல் ஒரு குச்சி போனாலும் விதி பேசும். ஆனால் அந்தக் குச்சியை அடுக்கிய கைக்கு என்ன வயது என்று அந்தச் சலுகை கேட்கவில்லை. சலுகை வேண்டுமானால் குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது, நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையை அன்றே சேர்த்திருந்தால், ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போயிருக்கும்.

படிக்கட்டு இறங்கிய பிறகு

பிறகு காலம் மாறியது. குழந்தைகள் வராததாலும் கூலி உயர்ந்ததாலும் இயந்திரங்கள் சிவகாசி, கோவில்பட்டிக்குள்ளேயே வந்துவிட்டன. முன்பு விம்கோவோடு இருந்த சண்டை, இப்போது கையால் செய்பவருக்கும் இயந்திரம் வைத்த பக்கத்துத் தெருக்காரருக்கும் இடையிலானது. விம்கோவோ ஐடிசி நிறுவனத்தின் கைக்குப் போனது. சிறுதொழிலுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் கடைசிவரை இருந்தவற்றில் தீப்பெட்டியும் பட்டாசும் அடக்கம். 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடும் நீங்கியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று பழைய வித்தியாசம் தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். 1950களில் போட்ட படிக்கட்டு அன்றோடு சமதளம் ஆகிவிட்டது.

பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. இது தீப்பெட்டிக்காரர்கள் கேட்டு வாங்கிய தடை. 1922-ல் இறக்குமதி வரியால் பிறந்த தொழில், நூறு ஆண்டுகள் கழித்து மறுபடியும் இறக்குமதித் தடையைத்தான் நாடி நின்றது!

இதை வைத்துச் சிறுதொழிலுக்கு உதவி செய்வதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த உதவி இல்லையென்றால் வறண்ட பூமியில் இத்தனை குடும்பங்களுக்கு வேலை கிடைத்திருக்காது. ஆனால் உதவி எப்படிப்பட்டது என்பது முக்கியம். சிறியதாக இருப்பதற்குப் பரிசு கொடுத்தால், எல்லோரும் சிறியதாகவே இருக்கப் பார்ப்பார்கள். கைவேலைக்குப் பரிசு கொடுத்துவிட்டு அது யாருடைய கை என்று கேட்காவிட்டால், மிகவும் மலிவான கை எதுவோ அதுவே வேலைக்கு வரும். அடுத்த முறை எந்த ஊரில் எந்தச் சிறுதொழிலுக்குச் சலுகை அறிவித்தாலும், அது முதலாளியைத் தாண்டித் தொழிலாளி வீடு வரை போய்ச் சேருமா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சிவகாசியின் நூறு ஆண்டு வரலாறு சொல்லும் பாடம் இதுதான்.