பிட்ஸ்பர்க்: படிக்கட்டே தெருவான ஊர்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மேப்பில் இருக்கும் சில தெருக்களை நேர்ல தேடிப் போனா, அங்க ரோடே இருக்காது. படிக்கட்டுதான் இருக்கும். தெருப்பெயர்ப் பலகை உண்டு. சில படிக்கட்டுகளின் ஓரத்தில் வீடுகளும் உண்டு. இப்படிப் பல படிக்கட்டுகள் அங்க சட்டப்படி தெருக்கள். ‘தெருன்னா கார் போகும்’னு நம்பிக் கோடு எழுதுற என்னை மாதிரி ஆளுங்களை உட்கார வெச்சு யோசிக்க வைக்கிற ஊர் இது.

இந்தப் படிகள் ஏன் வந்தது? ஆற்றங்கரையில் இருந்த சமதளத்தை இரும்பாலைகள் பிடிச்சுக்கிச்சு. தொழிலாளிகளுக்கு மிஞ்சினது மலைச்சரிவு. சௌத் சைடு ஸ்லோப்ஸ் பகுதி அப்படி வளர்ந்ததுதான். கீழே ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலை, மேலே வீடுகள். பேப்பர்ல நேர்கோடா வரைஞ்ச தெருவில் வண்டி ஏற முடியலைன்னா, அங்க படி கட்டினாங்க. 1870-லேயே மனோங்கஹேலா இன்க்லைன் என்ற சரிவு ரயில் ஓட ஆரம்பிச்சது. ஆனா அதுக்கு டிக்கெட் வாங்கணும். படிக்கட்டு இலவசம்.

முதலில் மரப்படிகள். அது மட்கிப்போக, பிறகு கான்கிரீட் வந்தது. சரிவு ரொம்பச் செங்குத்தா இருக்கிற இடத்தில் படிகள் மண்ணைத் தொடாம, தூண்கள் மேல பாலம் மாதிரி நிற்கும். பக்கத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. இதுக்குப் பெரிய எதிரி குளிர்காலம். விரிசலில் இறங்கும் தண்ணீர் உறைஞ்சு, விரிஞ்சு, கான்கிரீட்டைப் பிளக்கும். பனி உருகத் தூவுற உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

1950-ல் நகரத்தில் 6.7 லட்சம் பேருக்கு மேல் இருந்தாங்க. கார் வந்தது, ஆலைகள் மூடின. 2020-ல் சுமார் 3 லட்சம் பேர்தான். ஆனா படிக்கட்டுகள் இன்னும் 800 வரிசை அளவுக்கு இருக்கு. வரி கட்டுறவங்க பாதியாகிட்டாங்க, படி குறையலை.

எதை முதலில் சரிசெய்வதுன்னு முடிவெடுக்க 2017-ல் நகரம் ஒரு திட்டம் போட்டது. இங்கதான் கவனிக்கணும். ‘யாரு நடக்குறாங்க?’ன்னு ஆளை மட்டும் எண்ணினா கணக்கு ஏமாத்தும். உடைஞ்சு மூடின படிக்கட்டில் நடக்கிறவங்க எண்ணிக்கை பூஜ்யமாத்தானே இருக்கும்? அதனால தேவையே இல்லைன்னு ஆகிடுமா? கார் இல்லாதவர் பஸ்ஸைப் பிடிக்க வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டில் சுத்திக்கிட்டு இருப்பார். அவர் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்.

அதனாலதான் ‘தெரு’ங்கிற அந்த ஒரு வார்த்தை முக்கியம். பூங்காப் படிக்கட்டுன்னா அது அலங்காரம், காசு இருந்தா பார்த்துக்கலாம். தெருன்னு பதிவாகிட்டா, நடந்து போறவருக்கும் அது ஒரு வழி.