பழைய பொருளை விற்றவர் பக்கம் யார்? சார்ஜ்பேக்கின் வரலாறு

2012 ஆரம்பத்தில் ஒரு வயலின் செய்திகளில் அடிபட்டது. ஒரு பெண் தன்னிடம் இருந்த பழைய வயலினை 2,500 டாலருக்குக் கனடாவில் உள்ள ஒருவருக்கு விற்றிருந்தார். பணம் பேபால் வழியாக வந்தது. வாங்கியவர், வயலினுக்குள் ஒட்டியிருந்த லேபிள் அசல் இல்லை என்று புகார் கொடுத்தார். பழைய வயலின் உலகத்தில் லேபிள் தகராறு சகஜம். பார்க்கிற ஆள் மாறினால் கருத்தும் மாறும். விற்பதற்கு முன்பே வயலின் செய்யும் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்திருந்ததாக விற்றவர் சொன்னார். பலனில்லை. வயலினை உடைத்துவிட்டு அதற்கு ஆதாரம் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாங்கியவருக்குச் சொல்லப்பட்டது. அவர் உடைத்தார். உடைத்த படத்தை விற்றவருக்கும் அனுப்பி வைத்தார்.

இது விற்றவர் வெளியில் சொன்ன விவரம். பணமும் போச்சு, பொருளும் போச்சு. போலிப் பொருள் என்று முடிவானால் அதை அழிக்கச் சொல்லலாம் என்ற விதி அப்போதைய பேபால் ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ஒரு நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், தகராறு வந்தால் பணம் முதலில் விற்றவர் கையிலிருந்து எடுக்கப்படும் என்ற ஏற்பாடு எப்படி வந்தது? இதைத் தேடிப் போனால் பேபாலைத் தாண்டி ரொம்ப தூரம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வாங்குகிறவன் பார்த்து வாங்கணும்

பல நூற்றாண்டுகளாக நிலைமை நேர்எதிராகத்தான் இருந்தது. 1603ல் இங்கிலாந்தில் நடந்த சான்டலர் எதிர் லோபஸ் வழக்கு சட்ட மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை 'பெசோவார்' என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். பெசோவார் என்பது ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில் உருவாகும் கல், நம்ம கோரோசனை மாதிரி. விஷத்தை முறிக்கும் என்று ஐரோப்பாவில் பெரிய நம்பிக்கை. வாங்கியவர், இது பெசோவாரே இல்லை என்று வழக்குப் போட்டார். முதலில் அவர் பக்கம் தீர்ப்பானது, மேல்முறையீட்டில் மாறியது. விற்றவர் 'இது பெசோவார்' என்று சொன்னாரே தவிர 'உத்தரவாதம் தருகிறேன்' என்று சொல்லவில்லை, ஆகவே வழக்கு நிற்காது.

'வாங்குகிறவன் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்ற பொருளில் ஒரு லத்தீன் தொடர் இதற்கு உண்டு. நம்முடைய 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் இந்தக் கொள்கையில் ஆரம்பித்து, அப்புறம்தான் விதிவிலக்குகளை அடுக்குகிறது. பர்மா பஜாரில் எலெக்ட்ரானிக் சாமான் வாங்கியவர்களுக்கு லத்தீன் இல்லாமலே இது புரியும்.

கார்டு வந்தது, சட்டம் மாறியது

திருப்பம் அமெரிக்காவில், கடனில் பொருள் வாங்கும் பழக்கத்தோடு வந்தது. தவணையில் வாங்கினால் புரோநோட்டில் கையெழுத்து. கடைக்காரர் அந்த நோட்டை ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றுவிடுவார். மெஷின் ஓடவில்லை என்று தவணையை நிறுத்தினால், 'மெஷின் கதை எங்களுக்குத் தெரியாது, நோட்டு எங்க கையில இருக்கு, பணத்தைக் கட்டு' என்று நிதி நிறுவனம் சொல்லும். நல்லெண்ணத்தில் நோட்டை வாங்கியவரை அந்தப் பழைய தகராறு பாதிக்காது என்பது சட்டம். கடைக்காரரோ காசை வாங்கிக்கொண்டு போய்விட்டிருப்பார்.

கிரெடிட் கார்டு இதைப் பெரிதாக்கியது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. அந்தக் கார்டுதான் பிற்பாடு விசா ஆனது. கார்டுகள் பெருகப் பெருக, வாங்காத பொருளுக்கு பில், வராத பொருளுக்கு பில் என்று புகார்களும் பெருகின.

1974ல் அமெரிக்க நாடாளுமன்றம் நியாயமான கடன் பில் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொருள் வரவில்லை, பேசியபடி தரப்படவில்லை என்றால் 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதலாம். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டாம். பொருளின் தரம் சரியில்லை என்றாலும் கார்டு வங்கியிடம் பணம் தர மறுக்கலாம். ஆனால் இந்தக் கடைசி உரிமைக்குப் பொதுவாக மூன்று நிபந்தனைகள்: முதலில் கடைக்காரரிடம் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும், தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், கடை உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும்.

அந்த 100 மைலைப் படித்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சட்டம் எழுதியவர்கள் மனசில் ஒரு படம் இருந்திருக்கிறது. போர்டு மாட்டிய கடை, கல்லாப்பெட்டி, எதிரே ஒரு தனி மனிதர். கடை பெரியது, வாங்குகிறவர் சின்னவர். அந்தப் படத்துக்கு அது நல்ல சட்டம், இன்றைக்கும் தேவையான சட்டம். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த விதிகளில் இதைவிடத் தாராளமாகப் போயின. சார்ஜ்பேக் கேட்கப் பெரும்பாலும் 120 நாள் அவகாசம், 100 மைல் கணக்கெல்லாம் கிடையாது.

பரண் கடை ஆன கதை

1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பிற்பாடு ஈபே. அங்கே விற்ற முதல் பொருளாகச் சொல்லப்படுவது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர், 14.83 டாலர். பரணில் கிடக்கும் சாமானை யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

ஆரம்பத்தில் காசோலையோ மணியார்டரோ தபாலில் போகும். அது கைக்கு வந்து மாறிய பிறகுதான் விற்பவர் பார்சல் கட்டுவார். அதாவது ரிஸ்க் முழுக்க வாங்குகிறவர் தலையில். 1603 மறுபடியும். இதற்கு மருந்தாகத்தான் 1996ல் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் ஃபீட்பேக் முறை வந்தது.

அப்புறம் பேபால். 2002ல் ஈபே அதை 1.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. இனி மணியார்டர் வேண்டாம், கார்டிலேயே கட்டலாம். எல்லோருக்கும் வசதி. ஆனால் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. பழைய கேமராவை விற்ற ஆசிரியையும் கார்டு விதிகளின் பார்வையில் 'கடை' ஆகிவிட்டார். கடைக்கான கடமை எல்லாம் அவருக்கு வந்தது, கடைக்கு இருக்கும் தாங்கும் சக்தி வரவில்லை.

2008ல் ஈபே இன்னொரு படி போனது. விற்பவர்கள் இனி வாங்கியவர்களுக்கு மோசமான ஃபீட்பேக் தர முடியாது. விற்பவர்கள் கொதித்துப்போய் அந்த பிப்ரவரியில் ஒரு வாரம் புறக்கணிப்புப் போராட்டம்கூட நடத்தினார்கள். ஈபே பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 'நீ எனக்கு மைனஸ் போட்டால் நானும் போடுவேன்' என்று வாங்குபவர்களை மிரட்டிய விற்பனையாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் தனி ஆள் கையில் இருந்த ஒரே ஆயுதமும் போய்விட்டது.

பார்சல் போன பிறகு யாருக்குத் தெரியும்?

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தை பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். 2001ல் அவர் நோபல் பரிசு பெற இதுதான் முக்கியக் காரணம். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள் மட்டும் மிஞ்சும். உத்தரவாதம், ரிட்டர்ன் எல்லாம் இந்த நோய்க்கான மருந்துகள்.

ஆனால் பார்சல் வீடு போய்ச் சேர்ந்த நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகிறது. உள்ளே என்ன இருந்தது, யார் கீழே போட்டது, திருப்பி அனுப்பிய பெட்டியில் அதே லென்ஸா வேறு லென்ஸா என்பதெல்லாம் இப்போது வாங்கியவருக்கு மட்டுமே தெரியும். விற்றவருக்குத் தெரியாது, நடுவில் தீர்ப்புச் சொல்லும் நிறுவனத்துக்கும் தெரியாது. 'பொருள் வரவில்லை' என்ற புகாருக்குக் கூரியர் ரசீது காட்டி ஜெயிக்கலாம். 'சொன்னபடி இல்லை' என்ற புகாருக்கு எந்த ரசீதும் உதவாது. பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்புத் திட்டத்திலேயே இந்த இரண்டாவது வகைப் புகார் அடங்காது.

ஒரு கடை மாதம் ஆயிரம் பொருள் விற்றால், பத்து புகார் பொய்யாக வந்தாலும் ஒரு சதவீத நஷ்டம். அதை விலையில் ஏற்றிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு கேமரா விற்பவருக்கு, ஒரு பொய்ப் புகார் நூறு சதவீத நஷ்டம். அவர் அதை யார் தலையில் ஏற்றுவார்? என் பார்வையில் அநியாயத்தின் வேர் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு விதி எழுதவில்லை, நஷ்டத்தைப் பரப்பிக்கொள்ள முடிந்தவர்களுக்கு எழுதிய விதி, முடியாதவர் மேல் விழுகிறது. அகர்லாஃப் சொன்னதன் மறுபக்கமாக, இங்கே நேர்மையான தனி விற்பனையாளர்கள் சந்தையை விட்டுப் போகிறார்கள்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. 2003 அக்டோபரில் சீனாவின் தாவோபாவ் தளத்தில் ஒரு பழைய ஃபியூஜி கேமரா 750 யுவானுக்கு விலைபோனது. விற்றவர் ஜப்பானில், வாங்கியவர் சியான் நகரத்தில். ஒருவரை ஒருவர் நம்பக் காரணமே இல்லை. தளம் பணத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொருள் கைக்கு வந்து சரி என்று சொன்ன பிறகு விற்றவருக்கு விட்டது. அலிபே பிறந்தது இப்படித்தான். ஈபே இந்தியாவில் இருந்த காலத்தில் 'பைசாபே'யும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தது. இதில் பொய்ப் புகாரே வராது என்றில்லை. ஆனால் தகராறு பணம் கைமாறுவதற்கு முன் வருகிறது, 'சரி' என்று சொன்ன பிறகு கதை முடிகிறது. சார்ஜ்பேக்கில் முடிவு என்பது 120 நாள் தள்ளி நிற்கிறது.

நம்ம யுபிஐ இதற்கும் எதிர் முனை. தனி ஆளுக்கு அனுப்பிய பணத்தை, பொருள் பிடிக்கவில்லை என்று வங்கி மூலம் திரும்ப இழுக்க முடியாது. விற்பவருக்குப் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே வேறு வாசல் திறந்திருக்கிறது. உங்கள் பழைய போனுக்கு வந்த பணம், வேறு யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருக்கலாம். ஏமாந்தவர் 1930க்குப் புகார் செய்தால் பணம் போன வழியெல்லாம் தேடி, உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். சில சமயம் அந்தத் தொகை மட்டுமல்ல, மொத்தக் கணக்கும். ஏமாந்தவரைக் காப்பாற்றும் நல்ல விதிதான் இதுவும். இதிலும் நடுவில் மாட்டுவது ஒற்றைப் பொருள் விற்றவர்.

சட்டம் மாறும்வரை விற்பவர் கையில் இருப்பது ஆதாரம் மட்டுமே. சீரியல் நம்பரோ ஐஎம்இஐ எண்ணோ தெரிகிற மாதிரி படம், வெட்டாமல் எடுத்த பேக்கிங் வீடியோ, குறைகளை மறைக்காமல் எழுதிய விவரம், வாங்குபவரோடு பேசிய சாட். முடிந்தால் நேரில் சந்தித்து, போனை ஆன் செய்து காட்டிவிட்டுக் கொடுப்பது. பணம் அனுப்புகிற பெயரும் எதிரே நிற்கிற ஆளின் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது. இல்லையென்றால் விற்காமல் திரும்பிவிடுங்கள். அந்த போன் இன்னும் ஒரு வாரம் அலமாரியில் இருந்தால் ஒன்றும் ஆகாது.