போத்தில் தழைக்கும் மரம்: கேரள எல்லைப்புறத்தில் முள்முருங்கை

பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர் முள்முருங்கை என்றும் கலியாண முருங்கை என்றும் சொல்வதும், இடுக்கியின் மிளகுத் தோட்டங்களில் மலையாளிகள் முரிக்கு என்பதும் ஒரே மரம். பழைய தமிழ்ப் பெயரான முருக்குக்கு மலையாள வழக்கே நெருக்கமாக நிற்கிறது. கோசர் குலத்து இளைஞர் படைக்கலம் எறிந்து பழகிய கம்பம் முருக்கு மரத்தாலானது என்று புறநானூற்றின் 169ஆம் பாட்டு காட்டுகிறது. அச்சொல் புரசையும் குறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் எறிபடை தைத்து நிற்க ஏற்ற மென்மரம் முள்முருங்கையே என்பது என் துணிபு.

இம்மரத்தை மூலிகைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்வதே நம் ஆய்வுகளின் வழக்கம். அது போதாது. வேலிக்கும் கொடிக்காலுக்கும் கலியாணப் பந்தலுக்கும் இதைக் கொண்டுவந்தது ஒரே குணம்: போத்தை வெட்டி ஊன்றினால் வேர்விட்டுத் தழைக்கும். யாழ்ப்பாணத் தமிழர் திருமணத்துக்கு முன் கன்னிக்காலாக நடுவதும் இதன் கிளையைத்தான். குடும்பம் தழைக்க வேண்டும் என்ற வேண்டுதலுக்கு, நட்ட இடத்தில் துளிர்க்கும் கொம்பைவிடப் பொருத்தமான சாட்சி வேறேது?

இடுக்கியில் கோடையில் போத்து வெட்டி நிழலில் அடுக்கிவைத்து, மழை பிடித்ததும் ஊன்றுவார்கள். 3 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 1,111 கால்கள். மிளகுக்கொடி பற்றி ஏறும். பருவமழைக்கு முன் கழித்த கிளையின் தழை ஆட்டுக்குத் தீனி, கொடிக்கு உரம். மரம் அவரைக் குடும்பத்தது. வேர்முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும்.

அதே இலையை நடுநரம்பு கிள்ளி, ஊறவைத்த பச்சரிசியோடும் மிளகோடும் அரைத்து அடை வார்த்தால் அது சளிக்கும் இருமலுக்கும் வீட்டு மருந்து. அந்த மிளகு இதே மரத்தில் ஏறிப் பழுத்ததாக இருக்கலாம். பட்டையும் விதையும் வேறு சங்கதி. இவ்வினத்தின் ஆல்கலாய்டுகளில் தசையைத் தளர்த்தும் வகை உண்டு. அவற்றை வீட்டு வைத்தியத்தில் கையாளக் கூடாது.

போத்து, தாய்மரத்தின் மறுபதிப்பு. தாயின் பலவீனமும் அதில் அப்படியே வரும். 2004இல் அறிவியல் பெயர் பெற்ற, 2 மில்லிமீட்டர்கூட இல்லாத முடிச்சுக் குளவி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேரளத்துக்குள் வந்தது. இலைக்காம்பும் இளந்தண்டும் கழலை கழலையாக வீங்கி, துளிர் கருகி, மரங்கள் பட்டன. கால் சாய்ந்த இடத்தில் மிளகுக்கொடியும் சாய்ந்தது. ஹவாய்த் தீவுகளின் விலிவிலி மரத்தையும் இக்குளவி தாக்கியது. அங்கே 2008இல் ஆப்பிரிக்காவிலிருந்து எதிர்க்குளவியைக் கொணர்ந்து விட்டார்கள்.

நம் தோட்டங்களில் பட்ட கால்களுக்குப் பதிலாகச் சில்வர் ஓக் போன்ற வேறு மரங்களை நடுவது எளிது. ஆனால் அவற்றின் இலையில் அடை வார்க்க முடியாது. உங்கள் வேலியில் பிழைத்து நிற்கும் முள்முருங்கை ஒன்று இருந்தால் வெட்டாதீர்கள். நெற்று முற்றியதும் விதையெடுத்து நாற்றுவிடுங்கள்.