ஒரு துறைமுகம், ஆறு ஆங்கிலச் சொற்கள்

எம்.கே.பி. நகரில் ஒருவர் ‘ஹார்பர்ல வேலை’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சுமை இறக்குபவர், கிரேன் ஓட்டுபவர், அலுவலக எழுத்தர் எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதும். தமிழிலும் ஹார்பர், போர்ட் இரண்டையும் ‘துறைமுகம்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்திலோ இவை வெவ்வேறு பொருள் கொண்டவை. சென்னைக் கரைக்கு இச்சொற்கள் குறித்த பொருள்கள் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தன. அந்த வரிசையைப் பின்தொடர்ந்தால் அகராதியைவிடத் தெளிவாக வேறுபாடு பிடிபடும்.

முதலில் வந்த சொல் ‘ரோட்ஸ்’. கப்பல் ‘மெட்ராஸ் ரோட்ஸில்’ நின்றது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக் கால எழுத்துகளில் வரும். சாலை என்று எண்ணி மாணவர்கள் இடறும் இடம் இது. இங்கே அதன் பொருள், கரைக்கு அப்பால் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் திறந்த கடல். புனித ஜார்ஜ் கோட்டை எழுந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு வாய்த்தது அவ்வளவுதான். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் ஏறி அலையைக் கடந்தாக வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அறையும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் கைத்திறனே அன்று இந்நகரின் துறைமுகம்.

1861இல் இரும்புத் தூண்கள் மீது ‘பியர்’ எழுந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலம் பியர். கப்பல் பக்கவாட்டில் அணைய நீர் விளிம்போடு அமைத்த மேடை ‘வார்ஃப்’. பியரால் அலையைத் தடுக்க முடியாது. 1868, 1872 புயல்கள் அதை உணர்த்தின.

அதன் பிறகே ‘ஹார்பர்’. கப்பலுக்குப் புகலிடமான அமைதி நீர் என்பதே இச்சொல்லின் உயிர். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னையில் அதற்கு அடிக்கல் நாட்டினார். அதே மாதம் கொழும்பிலும் அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் வைத்தார். 1881 புயல் சென்னைச் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் நகர்த்திவந்த மணலை அச்சுவர்கள் மறித்தன. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிபட்டது. வடசென்னை மீனவர்கள் இழந்த மணலுக்குக் காரணம் தேடுவோர், இந்த இடத்தில் ஹார்பரையும் போர்ட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மணலை மறித்தது கல்லால் ஆன சுவர். அதன் பொருட்டு யாரைக் கேட்பது என்ற கேள்விதான் போர்ட்டிடம் போகிறது.

ஏனெனில் ‘போர்ட்’ என்பது கல்லும் நீரும் மட்டுமல்ல. சுங்கம், கட்டணம், சட்டம், நிர்வாகம் எல்லாம் சேர்ந்த வணிக இடம். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் சட்டம் 1905இல் வந்தது. அக்காலத்தில் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறக்கச் செய்தார்.

‘டாக்’ என்ற சொல்லில்தான் குழப்பம் அதிகம். பிரிட்டிஷ் வழக்கில் கப்பல் நிற்க அடைத்த நீர்ப்பரப்பு. அமெரிக்க வழக்கில் அது அணையும் மேடை. சென்னையில் ஜவஹர் டாக் திறந்தது 1964இல். ஆனால் டாக் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டமோ 1948இலேயே வந்துவிட்டது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலுக்கே இங்கே ‘டாக்’ பெயராகிவிட்டது. பின்னர் வந்த பாரதி டாக்குக்கும், மகாகவி பாரதி நகரான எங்கள் எம்.கே.பி. நகருக்கும் பெயர் தந்தவர் ஒருவரே.

பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டை முழுக்கத் தொலைத்துவிடவில்லை. மீன்பிடிப் படகுகள் ஒதுங்கும் இடம் ‘காசிமேடு ஹார்பர்’. 2001இல் தொடங்கி, பின்னர் காமராஜர் பெயர் பெற்ற சரக்குத் துறைமுகம் ‘எண்ணூர் போர்ட்’. ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் இவ்விரண்டும் இடம் மாறி வருவதில்லை.