சீதனமும் ஏடும்: யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்திற் பெண்கல்வி வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பாடசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும் அவற்றிற் பயின்றோர் தொகையையும் எடுத்துக்காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். பெண்ணுக்குக் கல்வி எதற்காக வழங்கப்பட்டது, அக்கல்வியை அவள் எங்கே பயன்படுத்த வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணை வற்புறுத்திக் கேட்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் இருநூறு ஆண்டு வரலாற்றை இவ்வினாக்களோடு அணுகும்போது ஓர் உண்மை புலனாகின்றது. அங்கே பெண்கல்வி, குடும்பத்திற் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட இடத்தை மறுத்து வளர்ந்ததன்று. அவ்விடத்தோடு உடன்பாடு செய்துகொண்டே வளர்ந்தது. அந்த உடன்பாடே அதன் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று. அதுவே அதன் எல்லையாகவும் அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஆண்பிள்ளைகளுக்கே உரியனவாயிருந்தன. ஏடும் எழுத்தாணியும் ஆண்மக்களின் உடைமையாகக் கருதப்பட்டன. கோயில்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்திய மகளிரே எழுத்தறிந்திருந்தனர் என்னும் கருத்து நிலவியமையால், குடிப்பெண் எழுத்தறிவது குலத்துக்கு இழுக்கு எனவும் எண்ணப்பட்டது. பெண்ணுக்குரிய கல்வி தாயிடமிருந்தும் அடுக்களையிலிருந்தும் கிடைப்பதொன்றாகவே இருந்தது.

எனினும் இதே சமுதாயம் பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கியிருந்தமை குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1706ஆம் 1707ஆம் ஆண்டுகளிலே தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்துகின்றது. தாயின் சீதனம் மகளிருக்குச் சென்றது. வீடும் காணியும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டன. ஆயின் உரிமை வேறு, ஆட்சி வேறு. திருமணத்தின்பின் அச்சொத்தை நிருவகிப்பவன் கணவனே. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்திற் பங்கு கோரும் உரிமையையும் இழந்தாள். பெண் சொத்துக்குரியவளாயும், அதே வேளையில் அச்சொத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டு செல்பவளாயும் விளங்கினாள். பிற்காலத்தில் கல்வி அவளுக்குக் கிடைத்த முறையை விளங்கிக்கொள்வதற்கு இச்செய்தி இன்றியமையாதது.

அமெரிக்க மிசன் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினறியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் அது நிறுவியது. உடுவிற் பாடசாலையைத் தொடங்குவதில் ஹரியற் வின்சிலோ அம்மையார் முன்னின்றார். ஆசியாவின் முதற் பெண்கள் விடுதிப் பாடசாலை இதுவே எனக் கூறப்படுவதுண்டு. இவ்விரு நிறுவனங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தோன்றியமை தற்செயலன்று. செமினறியிற் கற்றுக் கிறித்தவராகும் இளைஞர் சைவப் பெண்களை மணந்தால் மீண்டும் பழைய நெறிக்கே திரும்புவர் என மிசனரிமார் அஞ்சினர். அவர்களுக்கேற்ற மனைவியரை உருவாக்குதல் உடுவிற் பாடசாலையின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

பெற்றோரை இணங்கச் செய்தல் எளிதாயிருக்கவில்லை. உணவும் உடையும் உறையுளும் இலவசமாக வழங்கப்பட்டன. அதற்கும் மேலாக, கல்வியை நிறைவுசெய்து மணம்புரியும் மாணவிக்கு மிசன் சீதனமும் கொடுத்தது. இது ஆழ்ந்து நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துத் தந்தை ஒருவன் தன் மகளைப் பற்றிக் கொண்டிருந்த பெருங்கவலை யாதென மிசனரிமார் நன்கு அறிந்திருந்தனர். அக்கவலையைத் தீர்ப்பதன் மூலமே அவர்கள் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு வருவித்தனர். புத்தகம் சீதனத்தின் கையைப் பிடித்துக்கொண்டே யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அவ்வுதவி தேவையற்றதாகி, பெற்றோரே கட்டணம் செலுத்திப் பிள்ளைகளை அனுப்பும் நிலை தோன்றிற்று. கற்ற பெண் நல்ல மணமகனைப் பெறுவாள் என்பதை ஊர் கண்டுகொண்டமை அதற்கு ஒரு காரணமாகும்.

பாடத்திட்டங்களை ஒப்பிட்டு நோக்கினால் இந்நோக்கம் மேலும் தெளிவாகும். வட்டுக்கோட்டையில் ஆண்கள் ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியவற்றைக் கற்றனர். உடுவிலில் பெண்கள் வாசிப்பு, எழுத்து, எண், புவியியல், வேதாகமம் ஆகியவற்றோடு தையலையும் வீட்டுப் பணிகளையும் கற்றனர். முன்னது உலகை அளப்பதற்கான கல்வி. பின்னது இல்லத்தைச் செம்மையாக நடத்துவதற்கான கல்வி. செமினறியிற் கற்ற ஆங்கிலம் இளைஞரை அரசாங்க உத்தியோகத்துக்கு அழைத்துச் சென்றது. உத்தியோகம் பார்க்கும் மணமகனின் மதிப்பு உயர உயர, அவனுக்குக் கொடுக்கவேண்டிய சீதனமும் உயர்ந்தது. இவ்வாறு ஆணின் கல்வி சீதனத்தைப் பெருக்க, பெண்ணின் கல்வி சீதனத்தோடு சேர்த்து எண்ணப்படும் ஒரு தகுதியாயிற்று.

இவ்வாறு கூறுவதால் அக்கல்வியின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1840 தொடக்கம் 1879 வரை உடுவிலிற் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையார் காலத்தில் அங்கு கற்ற மகளிர் பலர் ஆசிரியைகளாயினர். ஆணும் பெண்ணும் ஒதுங்கி வாழ்தல் வேண்டும் என்னும் மரபே பெண்ணாசிரியரின் தேவையை உண்டாக்கியது. ஆண் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கினர். 1898இல் இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை மகளிர்க்கெனத் தோன்றியது. பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திய அதே சுவர், அதற்கு அப்பால் அவளுக்கென இரண்டொரு தொழில்களையும் ஒதுக்கிக் கொடுத்தது. ஆசிரியையும் தாதியும் மதிப்புக்குரிய பெண் தொழிலாளராயினர். தாயின் பணிகளை ஒத்த தொழில்கள் என்பதனாலேயே அவை ஏற்கப்பட்டன.

சைவ சமயத்தாரின் முயற்சிகளும் இவ்வழியிலேயே சென்றன. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் தொடக்கிய சைவக் கல்வி இயக்கம் ஆண்பிள்ளைகளையே முதன்மையாகக் கருதியது. சைவப் பெண்கள் மிசன் பாடசாலைகளை நாடிச் செல்வது கண்டு கவலையுற்ற சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரியைத் தோற்றுவித்தார். கிறித்தவ மனைவியை உருவாக்க உடுவில் எழுந்தது போலச் சைவ மனைவியை உருவாக்க மருதனார்மடம் எழுந்தது எனலாம். சமயம் மாறியது, கல்வியின் இலக்கு மாறவில்லை.

இவ்விலக்கின் எல்லை எதுவென்பது 1920களின் இறுதியில் வெளிப்பட்டது. டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கோரியது. பெருங் கல்லூரியொன்றைப் பெண்களுக்கெனக் கட்டிய இராமநாதன் அதனை எதிர்த்தார். இதனை அவரது தனிப்பட்ட முரண்பாடெனக் கொள்ளுதல் பொருந்தாது. பெண் கற்க வேண்டும், ஆயின் இல்லத்துக்காகவே கற்க வேண்டும் என்னும் கொள்கை அவரளவில் முரணற்றதே. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தமையால், அங்குள்ள பெண்கள் அரசாங்க சபைக்கு வாக்களிக்க 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சபையில் முதலில் அமர்ந்த இரு பெண்களுள் அடலின் மொலமுறே தந்தை இறந்தமையால் வெற்றிடமான தொகுதியிலும், நேசம் சரவணமுத்து கணவர் இழந்த தொகுதியிலும் வெற்றி பெற்றவர்கள். அரசியல் வாயிலும் குடும்ப உறவின் வழியாகவே திறந்தது.

கற்ற பெண்கள் இதனை வாளாவிருந்து ஏற்றனரெனக் கூறுவதற்கில்லை. 1914இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ மணவாழ்வில் ஒரு பெண் படும் துயரைக் கதைப்பொருளாக்கியது. 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ்மகள்’ என்னும் இதழைத் தொடங்கினார். நல்ல மனைவியாதற்பொருட்டு வழங்கப்பட்ட எழுத்து, மனைவியின் நிலையையே ஆராயும் கருவியாக மாறியது. கல்வியைக் கொடுப்போரின் நோக்கத்துக்குள் அது என்றும் முற்றாக அடங்கிக் கிடப்பதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். மகனுக்கா மகளுக்கா கட்டணம் செலுத்துவது என்னும் வினாவைப் பெரும்பாலான குடும்பங்களில் அது இல்லாமற் செய்தது. நாடு முழுவதையும் நோக்கின், 1901இல் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேராயிருக்கப் பெண்கள் 8 பேரளவினரே. 1946இல் இவை முறையே 70, 44 என உயர்ந்தன. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பெண்களே பெரும்பான்மையினர். ஆயினும் பொறியியற் பீடங்களில் அவர்கள் சிறுபான்மையினரே; வேலை செய்யும் வயதுடைய பெண்களில் மூன்றிலொரு பங்கினரளவிலேயே தொழிற்படையில் உள்ளனர். பட்டம் பெறுவதற்குத் தடையில்லை. பட்டத்தின்பின் வீட்டின் முழுச் சுமையும் அவளையே சேர்கின்றது. உடுவிலிற் செய்யப்பட்ட உடன்பாடு இன்னும் காலாவதியாகவில்லை என்பதையே இவ்விடைவெளி காட்டுகின்றது.

அதன் விலையைப் போர்க்காலம் தெளிவாகக் காட்டியது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைம்மாற்றக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. கணவன் அருகிலிருக்கும் காலத்தில் அது வெறும் கையொப்பமாகத் தோன்றியது. 2009இல் முடிவுற்ற போரின்பின், கணவனைக் காணாத பெண்கள் பலர் தனியே குடும்பத்தை நடத்தினர். பிள்ளையின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியை விற்க விரும்பிய தாய், திரும்பி வராத ஒருவரின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் சம்மதத்தை நாட வேண்டியவளானாள். குடும்பத்தின் முழுப் பொறுப்பையும் தாங்கியவளுக்குத் தன் காணியின் மீது முழு ஆட்சி இருக்கவில்லை.

எனவே பெண்கல்வியின் வெற்றியைப் பாடசாலை வரவேட்டில் மட்டும் தேடுதல் போதாது. கற்ற பெண் வீட்டில் எதனைத் தீர்மானிக்கிறாள், தன் உடைமையை எவ்வளவுக்கு ஆள்கிறாள், வீட்டுப் பணியை ஆண்மகன் எவ்வளவுக்குப் பகிர்கிறான் என்பவையும் அவ்வரலாற்றின் அளவுகோல்களாக வேண்டும். முதல் நூற்றாண்டு பெண்ணைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டு அவளைப் பல்கலைக்கழகத்தில் அமர்த்தியது. அவள் பெற்ற கல்விக்கேற்பக் குடும்பம் தன்னை மாற்றிக்கொள்ளும் பணி எஞ்சியுள்ளது. அப்பணி பெண்களுக்கு மட்டும் உரியதன்று. அவர்களோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கற்கும் ஆண்களுக்கும் உரியது.