21 நாளும் 5 கிழமையும்: கூட்டு எலிகளின் எதிர்பாராத கர்ப்பங்கள்

எலி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது எலிப்பொறியும், வயல் காலத்தில் வரும் எலிக்காய்ச்சலும்தான். ஆனால் உணவு, ஓமோன், இனப்பெருக்கம் பற்றி நாம் இன்று வகுப்பில் படிப்பிக்கும் பல விடயங்கள் கூட்டில் வளர்ந்த வெள்ளை எலிகளிடமிருந்து தெரியவந்தவை. அந்த எலிகளை வளர்த்தவர்களுக்கு ஆரம்பம் முதலே ஒரு தலையிடி இருந்தது. எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத வயதில் பெண் எலி சினைப்பட்டுவிடும். இன்று அதைப்பற்றித்தான் எழுதுகிறோம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விஸ்டார் நிறுவகம் என்று ஒன்று உண்டு. 1906இல் ஹென்றி டொனால்ட்சன் அங்கு வந்து வெள்ளை எலிகளை ஒழுங்காக வளர்க்கத் தொடங்கினார். எலியின் மூன்று வருட வாழ்வு மனிதனின் தொண்ணூறு வருடத்துக்குச் சமம் என்பது அவருடைய கணக்கு. அப்படிப் பார்த்தால் எலிக்கு ஒரு நாள் நமக்கு ஒரு மாதம். ஒரு கிழமை பிந்தினால் என்ன நடக்கும் என்று இதிலேயே விளங்கும்.

அதே இடத்தில் ஹெலன் டீன் கிங் என்ற பெண் விஞ்ஞானி 1909 முதல் சகோதர எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து ஒரு பரம்பரையை உருவாக்கினார். யார் தகப்பன், யார் தாய், எந்த நாளில் பிறந்தது என்ற பதிவுதான் அந்த வேலையின் உயிர். கூட்டில் எல்லாக் குட்டிகளும் ஒன்றாகக் கிடந்து இரண்டு மூன்று பெண்கள் சினைப்பட்டால், எந்த ஆண் தகப்பன் என்று எவராலும் சொல்ல முடியாது. அத்தனை வருடப் பதிவு அந்த இடத்தில் அறுந்துபோகும்.

எலிக்குட்டி சுமார் 21 நாளில் பால்குடி மறக்கும். பெண் குட்டி ஐந்து, ஆறு கிழமையிலேயே பருவமடைந்துவிடும். பால் மறந்த பிள்ளைகள்தானே, இன்னும் கொஞ்ச நாள் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டால், ஆறு கிழமையில் சினைப்பட்டு ஒன்பது கிழமையில், தானே இன்னும் வளர்ந்து முடியாத நிலையில், அது குட்டி போட்டு நிற்கும். பிரித்தாலும் சில நேரம் பிழைக்கும். சின்னக் குட்டியில் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் ஆணுக்குக் கூட, பெண்ணுக்குக் குறைவு. அதை ஒரு குட்டியில் மாறிப் பார்த்தாலே போதும், பெண்கள் கூட்டுக்குள் ஓர் ஆண் இருந்துவிடும்.

தாய் எலியின் கதை இன்னும் சிக்கல். குட்டி ஈன்று ஒரு நாளுக்குள்ளேயே அது மறுபடி சினைப்படக்கூடியது. ஆண் எலியை அடுத்த நாள் காலையில் எடுத்தாலும் காரியம் முடிந்திருக்கும். சாதாரணமாக எலியின் கர்ப்பகாலம் 22 நாள் அளவு. ஆனால் பாலூட்டும் தாயின் வயிற்றில் கரு உடனே கருப்பைச் சுவரில் ஒட்டுவதில்லை, காத்திருக்கும். அதனால் பிரசவம் ஒரு கிழமைக்கு மேலும் தள்ளிப்போகலாம். பால் குடிக்கும் குட்டிகள் கூடக்கூட இந்தத் தாமதமும் கூடும். ஹெலன் டீன் கிங் 1913இலேயே கர்ப்பகாலத்தின் இந்த வினோதங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இது தெரியாதவர், தகப்பன் எலியை எடுத்து ஒரு மாதமாகிவிட்டதே என்று, தாயோடு இருந்த ஆண் குட்டிகள் மேல் பழியைப் போடுவார். பாவம், அவை செய்யாத குற்றம்!

1922இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஜோசப் லோங், ஹேர்பேர்ட் எவன்ஸ் இருவரும் பெண் எலியின் பருவச் சுற்று நான்கு, ஐந்து நாள் என்று விரிவாக எழுதினார்கள். யோனிச் சுரப்பைக் கண்ணாடித் துண்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் முறை. அதில் விந்து தெரிந்தால் கர்ப்பத்தின் முதல் நாள் கையில் கிடைத்துவிடும். அதே வருடம் எவன்ஸும் கதரின் ஸ்கொட் பிஷப்பும் ஒன்றைக் கவனித்தார்கள். குறிப்பிட்ட உணவு மட்டும் தின்ற எலிகள் சினைப்பட்டன, ஆனால் கரு உள்ளேயே அழிந்து கரைந்துபோனது. குட்டி பிறக்கவில்லை என்பதால் சினைப்படவே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நாள் கணக்கு கையில் இருந்ததால் அப்படி நடக்கவில்லை. அந்த உணவில் இல்லாததுதான் பின்னர் விற்றமின் ஈ எனப் பெயர் பெற்றது.

சரி, சில குட்டிகள் மட்டும் ஏன் முந்திக்கொள்கின்றன? 1963இல் கென்னடி, மித்ரா என்ற இருவர் இதற்கு ஒரு விடை தந்தார்கள். ஒரு தாயிடம் சில குட்டிகளை மட்டும் விட்டால் ஒவ்வொன்றுக்கும் பால் தாராளம், எடை வேகமாக ஏறும், பருவமும் முந்தி வரும். நிறையக் குட்டிகளை விட்டால் எல்லாம் பிந்தும். நாட்காட்டியைவிடத் தராசுதான் சரியாகச் சொன்னது. நன்றாகக் கவனித்து, நன்றாகத் தீனி போட்டவர்களின் கூட்டில்தான் இந்த அவசரக் கர்ப்பங்கள் கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இதை வாசித்த கையோடு நம் பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வரும் என்று தெரியும். 1970இல் அமெரிக்காவில் ரோஸ் பிரிஷும் ரோஜர் ரெவெலும், சிறுமிகளுக்கும் ஒரு குறிப்பிட்ட எடை வந்ததும்தான் பருவம் வருகிறது என்றார்கள். அது பெரிய விவாதமானது. அந்த ஒற்றை எடைக் கணக்கு அப்படியே நிலைக்கவில்லை. 1994இல் உடற்கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஓமோனின் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கேள்வி வேறு பக்கம் திரும்பியது. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

எலி வளர்ப்பவர்கள் இப்போது வயது ஐந்து கிழமையைத் தாண்டவிடாமல் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுகிறார்கள். கொழுத்த குட்டிகள் என்றால் நான்கிலேயே.