நீலத் திமிங்கிலம் பார்க்கத் துருவம் வரை போக வேண்டியதில்லை

2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முகப்பில், செத்துப்போன நீலத் திமிங்கிலம் ஒன்று மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து பார்த்தால் தெரியும் அதே துறைமுகம்தான். உலகின் மிகப் பெரிய உயிரினத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் முதன்முதலில் பார்த்தது அந்தப் புகைப்படத்தில்தான்.

உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பனிக்கட்டி மிதக்கும் அந்தாட்டிக் கடல். ஆர்ஜென்டீனாவின் உஷுவாயா நகரிலிருந்து கப்பல் ஏறி, கொந்தளிக்கும் ட்ரேக் நீரிணையை ஏறக்குறைய இரண்டு நாள் கடந்து போக வேண்டும். செலவு பல ஆயிரம் டொலர். விசாவும் விமான டிக்கெட்டும் அதற்கு மேல். வசதி உள்ளவர்கள் போகட்டும். ஆனால் அந்தப் பயணக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை, கொழும்பிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய மிரிஸ்ஸ கடலிலும் நீலத் திமிங்கிலங்கள் மேய்ந்துகொண்டிருக்கும்.

பொதுவாக நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த துருவக் கடலில் இரை தின்று, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இலங்கையைச் சுற்றியுள்ளவை துருவம் பக்கமே போவதில்லை. இங்கேயே தின்று, இங்கேயே குட்டி போடுகின்றன. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ். 2003ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் இருந்தபோது, திமிங்கிலங்களுக்கு நடுவே சிவப்பாக மிதந்த கழிவைப் பார்த்துத்தான் அவை இந்த வெந்நீர்க் கடலிலேயே இரை தின்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். பின்னர் 2017இல் ஓஷன்ஸ்வெல் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கினார். துருவத்துத் திமிங்கிலங்கள் கிரில் தின்ன, நம்முடையவை பெரும்பாலும் ஒருவகைச் சிறு இறாலைத் தின்கின்றன. உடலும் சற்றுச் சிறியது: 30 மீற்றருக்குப் பதில் 24 மீற்றர் வரை. சிறியது என்று சொல்வது பேச்சுக்குத்தான், இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது.

துருவத்தோடு இவற்றுக்கு ஒரு கசப்பான தொடர்பும் உண்டு. 1960களில் அந்தாட்டிக் வேட்டைக்குப் போய் வந்த சோவியத் கப்பல்கள், வழியில் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1979இல்தான் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

எந்தக் கரை, எந்த மாதம்

இதை முதலில் தீர்மானிக்க வேண்டும். காற்று திரும்பினால் கடலும் திரும்பும்.

மிரிஸ்ஸவுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். படகுகள் காலை ஆறரை மணியளவில் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படுவதால் முதல்நாளே போய்த் தங்குவது நல்லது. மாக்கும்புரவிலிருந்து அதிவேகப் பாதையில் மாத்தறை பஸ் எடுக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோட்டையிலிருந்து கடலோரமாக வெலிகம வரை ரயிலில் போவதே எனக்குப் பிடித்த வழி. இங்கு படகுகள் பெரியவை, கழிவறை உள்ளவையும் உண்டு.

கற்பிட்டி கொச்சிக்கடை ஆட்களுக்குப் புதிய ஊர் இல்லை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் அதே பாதைதான். மார்ச் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கினால், நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் துள்ளிச் சுழலும் டொல்பின்களைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலமும் தெரியும். நீலத் திமிங்கிலத்தை மட்டும் குறிவைத்து இங்கே போகாதீர்கள். படகுகள் சிறிய திறந்த ஃபைபர் படகுகள், நனையாமல் திரும்ப முடியாது. படகோட்டியோடு தமிழிலேயே பேசலாம் என்பது பெரிய வசதி.

திருகோணமலைக் காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. உண்மையில் இலங்கையில் திமிங்கில ஆராய்ச்சி தொடங்கியதே அங்குதான். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் அங்கேதான் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். 1983க்குப் பிறகு யுத்தம் எல்லாவற்றையும் முடக்கியது. திமிங்கிலம் என்றதும் இன்று எல்லோரும் மிரிஸ்ஸவை மட்டும் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

படகில் ஏறுமுன்

டிக்கெட் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். உள்நாட்டவர் கட்டணம் தனியாக உண்டா, எத்தனை பேரை ஏற்றுவீர்கள், எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, திமிங்கிலம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். "கட்டாயம் காட்டுவோம்" என்று சத்தியம் செய்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அவர்தான் அங்கே போய் விரட்டுவார்.

வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பின் போட்டுப் பயனில்லை. மருந்தாளரிடம் கேட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, கொத்து ரொட்டி நிறைந்த வயிறும் ஆகாது. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் சிறு படகுகளைத் தவிர்க்கட்டும்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி படகுகள் திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அந்தாட்டிக்காவில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறக்கக் கூடாது, பென்குயினுக்கு 5 மீற்றருக்குள் போகக் கூடாது என்று பயண நிறுவனங்கள் தாங்களே வகுத்த விதிகளைக் கடைப்பிடிக்கின்றன. மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்தின் மூச்சு நீர்த்தூணாக எழுந்தால், நான்கு பக்கமிருந்தும் படகுகள் பாய்வதைப் பார்க்கலாம். இன்னும் கிட்டப் போகச் சொல்லிக் கத்துவது பெரும்பாலும் பயணிகள்தான். வால் உயர்த்தி மூழ்கிய திமிங்கிலம் மீண்டும் வரப் பத்து நிமிடம்போல் ஆகும். இயந்திரத்தைத் தணித்துக் காத்திருக்கும் படகுக்குப் பக்கத்தில் அது தானாகவே எழுவதும் உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து தெவிநுவர முனைக்கு அப்பால் போகும் கப்பல் பாதை. உலகின் மிக நெரிசலான பாதைகளில் ஒன்றான அது, திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே போகிறது. பெரிய கப்பலில் இருப்பவர்களுக்கு மோதியது தெரியாமலே போகலாம். பாதையை 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும் என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கியது. மற்றக் கப்பல்களும் விலக வேண்டுமானால் பாதையே மாற வேண்டும். அதைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் முன்மொழிய வேண்டியது இலங்கை அரசு. துறைமுகத்துக்குக் கப்பல் குறைந்துவிடும் என்ற அச்சம் இங்கே பலமுறை பேசப்பட்டிருக்கிறது. 15 கடல் மைல் என்பது ஒரு கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

படகே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திருகோணமலையில் கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளம் தொடங்குவதால், கோணேஸ்வரம் கோயில் நிற்கும் மலையிலிருந்தே நீலத் திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்க முடியும். மார்ச், ஏப்ரலில் காலைப் பூசை முடிந்ததும் கடல் பக்கமாக நின்று பொறுமையாகப் பாருங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது. செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும், பதினொரு மணிக்கு மேல் கல் கொதிக்கும்.